எங்க அப்பா கார்ல தெருநாயா?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

போன வாரம் ஆலம்பரைக் கோட்டைச் சுவரோரம் எடுத்த ஒரு படத்தை இங்கே போட்டிருந்தேன். என்னுடைய 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பின்பக்க ஜன்னலில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு உப்பிலி. லைக் போட்டவர்களுக்கு நன்றி. திட்டியவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

என் மச்சினி குடும்பக் குழுவில் கேட்டாள்: "எங்க அப்பா கார்ல தெருநாயா மாமா?" அக்கா மகன் எழுதினான்: "மாமா, வின்டேஜ் காருக்கு ஒரு கெத்து வேணாமா? நான் ஹஸ்கி வாங்கித் தர்றேன், படம் சும்மா அள்ளும்." மூன்றாவது என் பழைய மாணவர் ஒருவர். அவர் எழுதியதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. "சார், என் மகளைத் தெருநாய் கடிச்சு நாலு ஊசி போட்டோம். காயத்தைச் சுத்தியும் ஊசி போட்டாங்க, அவ கத்தினது இன்னும் காதுல இருக்கு. நீங்க தெருநாயைக் கார்ல ஊர்வலம் கூட்டிட்டுப் போறீங்க."

மச்சினிக்குப் பதில் சொல்வது சுலபம் என்பதால் அவளிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அம்மா, அது உங்க அப்பா கார்தான். நான் மறுக்கவில்லை. அந்தக் காரை உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும் என்பதையும் நீ மறுக்கக்கூடாது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்று வந்த வண்டியை நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்காரர்கள் செய்தார்கள். 948 சி.சி. எஞ்சின். முன்பக்க மூடி மொத்தமும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னால் கவிழ்ந்து திறக்கும். சந்துக்குள் போனால்கூட ஒரே திருப்பில் திரும்பி வந்துவிடும். உங்க அப்பா மரக்காணத்தில் உப்பு வியாபாரம் பார்த்தவர். அளத்தில் இறங்கி, முழங்கால் வரை சேற்றோடு அப்படியே காரில் ஏறுவார். பின்சீட்டில் நீங்கள் உட்கார்ந்ததைவிட உப்பு மூட்டை உட்கார்ந்த நாள்தான் அதிகம். அந்த உப்பு அரித்த சேஸிஸுக்கு நான் இரண்டு முறை வெல்டிங் வைத்திருக்கிறேன். உப்பிலியின் முடி நாலு உதிர்வதால் அவர் மரியாதை போய்விடாது. உப்புக் குவியலுக்குக் காவல் கிடந்த நாய்க்கு அவர் தன் கையால் சோறு வைத்ததை நீயும்தான் பார்த்திருக்கிறாய். அந்த நாய் எந்த ஜாதி நாய் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

உன் அக்காவும் சம்மதித்துத்தான் உப்பிலி வண்டியில் ஏறினாள். மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்க உன் அக்காவால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கூனிமேடு வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, யாரோடும் பேசாமல் திரும்பி வருவேன். "எதையாவது கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா வண்டியை வித்துடுங்க" என்றாள். கூட்டிக்கொண்டு போகிறேன்.

உப்பிலி கிடைத்தது ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு. 2024 நவம்பர் 30 ராத்திரி அது கரையைக் கடந்ததையும், மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியதையும் நம்ம பக்கத்து ஆட்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. அளம் எது, கழுவேலி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். நாலாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், உப்பு கொட்டிவைக்கும் மேட்டில், ஒரு அம்மா பழந்துணிக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்பள வேலைக்குப் போகிறவர், வேலை இல்லை. வீட்டில் தண்ணீர். அந்த நிலையிலும் தன் கஞ்சியில் அதற்குப் பங்கு வைத்திருந்தார். "பொட்டக்குட்டி சார். எவனும் எடுக்கமாட்டான்" என்றார். உப்பளத்தில் கிடைத்தவளுக்கு உப்பிலி என்று பெயர் வைத்தது என் மனைவியின் குறும்பு.

இனி அந்தத் 'தெருநாய்' என்ற சொல்லுக்கு வருகிறேன். வரலாற்று வாத்தியார், சும்மா விடமாட்டேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்றதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். சுமார் 1400 வருடத்துக்கு முன்னால் இந்த மண்ணில் ஒரு நாய்க்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயர் கல்லில் ஏறியது. அந்தக் கூட்டத்து வாரிசுகளைத்தான் நாம் பெயரில்லாமல் தெருவில் விட்டிருக்கிறோம்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்காக 2021-ல் மத்திய அரசு தனி விதியே கொண்டுவந்தது. பதிவு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும், தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம். (நான் பழைய பதிவிலேயே எஃப்.சி. எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டீக்கடை, பேரணிக் கணக்கில் வராது.) ஐம்பத்தாறு வருட இரும்புக்கு வின்டேஜ் என்று இவ்வளவு மரியாதை. எத்தனையோ தலைமுறையாக இந்த வெயிலுக்கும் மழைக்கும் பழகி வந்த நாட்டு நாய்க்கு நாம் கொடுத்த பெயர் 'தெரு'. பழசின் மதிப்பு தெரிந்தவர்கள் என்று மார்தட்டும் பழைய கார்க்காரர்கள்தான் முதலில் இதற்கு வெட்கப்பட வேண்டும்.

அக்கா மகனே, உனக்கு.

ஹஸ்கி சைபீரியப் பனியில் வண்டி இழுக்க வளர்ந்த ஜாதி. அதற்கு உடம்பில் இரட்டை ரோமம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்கும். மே மாதம் மரக்காணத்தில், ஏசி இல்லாத ஹெரால்டில், அதை ஏற்றி உட்காரவைத்து நீ படம் எடுப்பாய். படம் அள்ளும்தான். நாய் என்ன ஆகும்? 2003 வாக்கில் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் பக் வாங்கியது. மூக்கு அமுங்கிய அந்த ஜாதிக்கு நம் வெயிலில் மூச்சு விடுவதே பெரும்பாடு. அதுவும் ஒரு 'கெத்து'தான், சில வருடத்துக்கு. நாய் விற்பவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-லிருந்து விதி இருக்கிறது. நீ விலை விசாரித்த ஆளிடம் பதிவு எண் கேட்டாயா? கேட்டுப் பார், அடுத்த நிமிடம் போனை வைத்துவிடுவான்.

ஹஸ்கிக்குப் பதில் தெருக்குட்டியை வைத்துப் படம் எடுத்துக்கொள் என்றும் நான் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். 'ரெஸ்க்யூ' என்று நாலு வரி எழுதி, காரோடு நிற்கவைத்துப் படம் போட்டு, மூன்று மாதத்தில் "கடிக்குது, குரைக்குது, அபார்ட்மென்டில் ஒத்துக்கல" என்று கொண்டுபோய் விடுகிறவர்களை எனக்குத் தெரியும். நாயை வண்டியின் அலங்காரமாக எடுப்பவன், வண்டியை விற்கும்போது நாயையும் சேர்த்து விட்டுவிடுவான். நாய்க்காக வண்டியையும் நம் பழக்கத்தையும் மாற்ற மனசிருந்தால் எடு, இல்லையென்றால் தனியாகப் போ.

மாற்றுவது என்றால் என்ன என்று சொல்கிறேன். முதல் மூன்று வாரம் வண்டி ஒரு அடி நகரவில்லை. உப்பிலியைப் பின்சீட்டில் வைத்துவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அப்புறம் தெருமுனை வரை. அப்புறம் திண்டிவனம் சாலையில் ஒரு கிலோமீட்டர். அதிலேயே சீட்டில் வாந்தி எடுத்தாள். பெட்ரோல் வாடை. நமக்கே லேசாக அடிக்கிற வாடை அதன் மூக்குக்கு எப்படி இருக்கும்? இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்குவதில்லை, ஊறி வெடிக்கின்றன. எல்லாவற்றையும் மாற்றினேன். எனக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலையை அவளுக்காகச் செய்தேன்.

ரேடியேட்டர் ஒழுக்கு இன்னொன்று. பழைய வண்டிக்காரர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் லேசாக இனிக்கும். தரையில் சொட்டியதை நாய் நக்கிவிடும், சிறுநீரகம் போய்விடும். கொஞ்சம் நக்கினாலே போதும். நாய் வைத்திருக்கும் பழைய கார்க்காரர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் பள்ளத்தைப் பலகை போட்டு மூடிப் பாய் விரித்திருக்கிறேன், பிரேக் போட்டால் விழாமல் இருக்க. சீட் பெல்ட்டே இல்லாத காலத்து வண்டி என்பதால், மெக்கானிக்கை வைத்து ஒரு கொக்கி பொருத்தி, அவள் மார்ப்பட்டையை அதில் மாட்டுகிறேன். கழுத்துப் பட்டையில் மாட்டக்கூடாது, பிரேக் போட்டால் கழுத்து இறுகும். நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூட அவளைத் தனியாக விடுவதில்லை. ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்தால் போதும் என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. மூடிய வண்டி சூடேறுவதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். ஆகவே ஓட்டலில் உட்கார்ந்து பொங்கல் வடை என்பது போயிற்று. வீட்டிலிருந்து இட்லிப் பொட்டலம். கிளம்புவது ஐந்தரை மணிக்கு, தார் ரோடு சுடுவதற்குள் வீடு.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் ரசித்த படம் தப்பான படம். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுத் திட்டினார். ஓடும் வண்டியில் தலையை வெளியே நீட்டவிட்டால் தூசி, பூச்சி கண்ணில் அடிக்கும். எதையாவது பார்த்துத் தாவினால் கதை முடிந்தது. வண்டி நின்றிருந்தபோது எடுத்ததுதான், ஆனால் போகும்போதும் அப்படித்தான் விட்டிருந்தேன் என்பது உண்மை. இப்போது ஜன்னல் பாதிக்கு மேல் இறங்காது. படத்தை எடுத்துவிட்டேன்.

கழுவேலியைப் பற்றி ஒரு வார்த்தை. 2021-ல் அது பறவைகள் சரணாலயம் ஆனது. பூநாரை நிற்கிற இடத்தில் நாயை அவிழ்த்துவிட்டு "ஜாலியா ஓடுறா பாருங்க" என்று வீடியோ எடுப்பவனுக்கும், கல்லெறிகிறவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஜனவரியிலிருந்து நம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நாய் தோண்டித் தின்றுவிடும். அந்த மாதங்களில் உப்பிலி மணலில் இறங்குவதே இல்லை. அவளுக்கு அதில் வருத்தம்தான். இருக்கட்டும்.

இப்போது என் மாணவருக்கு. தம்பி, உங்களிடம் அன்பு, கருணை என்று பாடம் நடத்தப் போவதில்லை. குழந்தையைக் கடிபட்டுத் தூக்கிக்கொண்டு ஓடிய தகப்பனிடம் போய் "நாயும் ஒரு உயிர்தானே" என்கிறவர்கள் மீது உங்களைவிட எனக்குக் கோபம். உலகத்தில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் 36 சதவீதம் இந்தியாவில் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நீங்கள் உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவியதும், 0, 3, 7, 28 என்று நாள் தவறாமல் ஊசி போட்டதும்தான் உங்கள் மகளைக் காப்பாற்றின. தெருமுனையில் பிஸ்கட் போட்டு, கும்பிடு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் நாய்ப் பிரியர்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அந்த நாய்க்கு ஒரு தடுப்பூசி போட்டிருப்பார்களா? கருத்தடைக்குக் கொண்டுபோயிருப்பார்களா?

ஆனால் உங்கள் பதிவுக்குக் கீழே சிலர் எழுதியிருந்தார்களே, "எல்லாத்தையும் பிடிச்சுக் கொன்னா சரியாப்போகும்" என்று. அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நான் அதைச் செய்திருக்கிறேன்.

1993. நான் அப்போது வேலை பார்த்த ஒரு பள்ளியில் பொறுப்புத் தலைமையாசிரியர். வளாகத்தில் ஏழெட்டு நாய்கள். ஒன்று ஒரு பையனைத் துரத்தியது. நான் உள்ளாட்சிக்குக் கடிதம் எழுதினேன். அழகான கையெழுத்தில், "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன்" என்று. அந்தக் காலத்தில் தக்க நடவடிக்கை என்றால் ஒன்றுதான். சனிக்கிழமை காலை வந்தார்கள், சுருக்குக் கம்பியோடு. சிறப்பு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் வராந்தாவில் நின்று பார்த்தார்கள். சத்துணவுக்கூடத்து ஆயாவோடு சுற்றிக்கொண்டிருந்த செவலை நாய் ஒன்று, அது ஓடக்கூட இல்லை. கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "அது யாரையும் கடிக்கலையே சார்" என்றான். "போய் உட்காருடா" என்றேன். என் பணிக்காலத்தில் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன மிக மட்டமான பதில் அது. அவன் இந்தப் பதிவைப் படிக்கிறானா தெரியாது.

ஆறே மாதம். வளாகத்தில் மறுபடி ஏழெட்டு நாய்கள். எங்கிருந்து வந்தன? பழைய நாய்களை அழைத்து வந்த அதே வழியாகத்தான். மீந்த சத்துணவைச் சுற்றுச்சுவரின் உடைப்பு வழியாக வெளியே கொட்டிக்கொண்டிருந்தோம். அதை நிறுத்தவும் இல்லை, உடைப்பை அடைக்கவும் இல்லை. சோறு இருக்கிற இடத்துக்கு நாய் வரும். புதிதாக வந்தவை பிள்ளைகளுக்குப் பழகாதவை, முன்னதைவிட அதிகம் குரைத்தன. கொன்றதால் எனக்குக் கிடைத்தது அதுதான். சென்னை மாநகராட்சி எத்தனையோ வருடம் கொன்று பார்த்துவிட்டு, 1990-களின் நடுவில்தான் கருத்தடைக்கு மாறியது. 2001-ல் நாடு முழுவதற்கும் விதி வந்தது. விதி வந்ததே தவிர, ஊருக்கு ஊர் கருத்தடை மையம் வந்ததா என்பதைத்தான் நீங்களும் நானும் சேர்ந்து கேட்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தையும் பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி நாய்களையெல்லாம் பிடித்து அடையுங்கள் என்றார்கள். 22-ல் மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடாதீர்கள் என்றார்கள். நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிப்பதைத் திரும்ப அங்கே விடக்கூடாது, வேலி போடுங்கள் என்றார்கள். பள்ளிக்கு வேலி போடச் சொன்னதை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். 1993-ல் நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம் அதுதான். ஆகஸ்ட் 22 உத்தரவில் எல்லோரும் தாண்டிப்போன ஒரு பகுதி இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சியில் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். எடுத்தால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு.

தம்பி, நான் செய்ததும் அதுவே. உங்களுக்கு எதிராக நான் நாயைக் காரில் ஏற்றவில்லை. உப்பிலி தெருவில் இருந்திருந்தால் வருடத்துக்கு இரண்டு ஈத்து, ஈத்துக்கு நாலைந்து குட்டி. ஏழாம் மாதம் கருத்தடை செய்தாயிற்று. வெறிநோய்த் தடுப்பூசி அட்டை காரின் டாஷ்போர்டில் ஆர்.சி. புத்தகத்தோடு இருக்கிறது. நடுவில் உண்ணிக் காய்ச்சல் வந்து பதினைந்து நாள் சோறு தின்னாமல் கிடந்தாள், என் ஓய்வூதியத்தில் நல்ல பள்ளம். ஒரு நாயை வீட்டுக்குள் எடுத்தால் ஊர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. உங்கள் மகள் போகிற தெருவில் ஒன்று குறைந்தது, அதன் வழியாக வரவிருந்த பத்தும் வரவில்லை. என் வயதில் என் கையால் ஆனது அவ்வளவு. நீங்கள் ஊராட்சியில் கருத்தடை மையம் கேட்டு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. இந்த முறை "தக்க நடவடிக்கை" என்று எழுதமாட்டேன். என்ன நடவடிக்கை என்று எழுதுவேன்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. அந்த அம்மா நேற்று போன் செய்தார். உப்பு வார ஆரம்பித்துவிட்டார்கள். அதே மேட்டில் இரண்டு குட்டிகள், இரண்டும் பொட்டை, பிறந்து ஏழு வாரம் இருக்கும். தாயையும் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரித்துவிட்டேன். குட்டிகள் வேண்டுபவர்கள் தனியாக எனக்கு எழுதுங்கள். நான் வீட்டுக்கு வந்து பார்ப்பேன், வீட்டில் எல்லோரிடமும் பேசுவேன், மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் மறுபடி வருவேன். கோபித்துக்கொள்ளக்கூடாது.

அக்கா மகனே, ஹஸ்கிக்கு வைத்திருந்த பணத்தில் முதலில் இந்த மூன்றுக்கும் ஊசி போடு. குட்டி கேட்பதைப் பிறகு பேசலாம். ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு வந்தால் முன்சீட் காலியாக இருக்கும். பின்சீட் கிடையாது.